ஹெரால்டுக்குக் கூடுதல் எச்.பி.: எங்கே தேடலாம், எங்கே நிறுத்தலாம்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி, எங்களிடம் இருக்கிறது. ஓட்டும் நிலையில்தான் உள்ளது. ஆனால் இராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும்போது ஏற்றத்தில் திணறுகிறது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே குடும்பத்து இன்ஜின்தான் என்கிறார்கள். அந்த அளவுக்கு இதன் எச்.பி.யைக் கூட்ட முடியுமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: கூட்ட முடியும். ஆனால் உங்கள் இன்ஜின் பிறந்தபோது இருந்த 34.5 எச்.பி.யை இன்றும் தருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அறுபது வருடம் ஓடிய இன்ஜினில் தொலைந்துபோனதை மீட்டாலே பாதி ஆசை நிறைவேறிவிடும். மீதிப் பாதிக்கு, கம்பெனியே அன்று செய்து காட்டிய வழி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் இன்ஜினின் சொந்தபந்தம்

ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னைக்கு அருகே, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை அதை இங்கே தயாரித்தது. 1962இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயரையும் வரைந்தவர் மிக்கெலோட்டிதான். ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி, அதே குடும்பத்து இன்ஜினைப் பெரிதாக்கிச் செய்த வண்டி அது. ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். வேறுபாடு அளவில் இருக்கிறது.

உங்கள் இன்ஜின் 948 சி.சி.; போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. முதல் ஸ்பிட்ஃபயரில் ஸ்ட்ரோக்கை மாற்றாமல் போரை 69.3 மி.மீ. ஆக்கி 1147 சி.சி.க்குக் கொண்டுபோனார்கள். கம்ப்ரெஷன் 9.0, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 63 எச்.பி. அதை உங்கள் பிளாக்கில் எதிர்பார்க்கக் கூடாது. 63 மி.மீ. போரை 69.3 ஆக்க அந்தச் சுவரில் இரும்பு இல்லை.

ஆனால் நமக்கு உதவும் இன்னொரு உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் ஹெரால்டு கூப்பே என்று ஒரு வண்டி விற்றார்கள். அதே 948 சி.சி.தான். கம்ப்ரெஷனை 8.0இலிருந்து 8.5 ஆக்கினார்கள், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டருக்குப் பதில் இரட்டை எஸ்.யூ. வைத்தார்கள், கேமையும் மாற்றினார்கள். 34.5 எச்.பி. 45 ஆனது. பிளாக்கைத் தொடாமல் கிடைத்த பத்து எச்.பி. அது. உங்கள் எல்லைக்கோடு அந்த 45.

சட்டத்தை முதலில் பாருங்கள்

ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, விதிக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வேறு கம்பெனியின் பெட்ரோல் இன்ஜினையோ டீசல் இன்ஜினையோ தூக்கி வைக்கும் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

இன்னொன்று, உங்கள் வண்டி 50 வயதைத் தாண்டியது. 2021இல் வந்த விதிகளின்படி அதை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு மட்டுமே அந்த அந்தஸ்து. பதிந்தபின் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. ஓசூருக்கு அடிக்கடி ஓட்டுவதா, வின்டேஜாகப் பாதுகாப்பதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். எந்த முடிவானாலும், கழற்றினால் பழையபடி மாட்டக்கூடிய வேலைகளை மட்டும் செய்வதே புத்திசாலித்தனம். நான் கீழே சொல்பவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அவற்றில் எது உங்கள் பதிவைப் பாதிக்கும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தொலைந்த எச்.பி.யைத் தேடுவது

முதல் வேலை கம்ப்ரெஷன் டெஸ்ட். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக கேஜில் பாருங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் பேக்கிங் போயிருக்கிறது. இந்த ஒரு சோதனை முடிவதற்குள் எந்தப் பட்டறையிலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, இந்தக் குடும்பத்து இன்ஜினுக்கென்றே உள்ள ஒரு நோய். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்குபவை பின் மெயின் பேரிங்கின் இருபுறமும் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்பக்கமாகத் தள்ளப்படுவதால் இவை தேயும். தேய்ந்து மெலிந்த வாஷர் ஒருநாள் சம்ப்பில் விழும். அதன்பின் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். ஹெரால்டின் பானெட் முழுதாக முன்னால் சாய்வதால் இதைப் பார்ப்பது எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும். நீங்கள் முன் டயர் மேல் உட்கார்ந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னே வந்து போனால், வண்டியை நகர்த்தாதீர்கள். இருக்க வேண்டிய ஆட்டம் நான்கிலிருந்து எட்டு தவ் வரை, அதாவது 0.1 முதல் 0.2 மி.மீ. மட்டுமே. டயல் கேஜ் வைத்து அளந்து, தேவையென்றால் ஓவர்சைஸ் வாஷர் போடுங்கள். எச்.பி. கூட்டிய இன்ஜின் கெட்டியான கிளட்ச் கேட்கும். அது இந்த வாஷர்களின் சுமையை இன்னும் ஏற்றும்.

மூன்றாவது, டியூனிங். டேப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் பத்து தவ், பாயிண்ட் பதினைந்து, பிளக் இருபத்தைந்து. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பாயிண்டை எத்தனை தடவை சரிசெய்தாலும் டைமிங் நிற்காது. உள்ளே புஷ் மாற்ற வேண்டும். வேக்கம் அட்வான்ஸ் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர வேண்டும். பல பழைய வண்டிகளில் இந்த டயஃப்ரம் கிழிந்து வெகுகாலம் ஆகியிருக்கும்.

இவற்றையெல்லாம் சரிசெய்தபின், ஒரே நேர்சாலையில், மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்திலிருந்து 60 வரை ஏற எத்தனை வினாடி என்று போக வர இரண்டு பக்கமும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து இல்லாத நேரம், அதே ஆட்கள், அதே அளவு பெட்ரோல். டைனோமீட்டர் இல்லாத ஊரில் இதுதான் அளவுகோல். பின்னால் செய்யும் ஒவ்வொரு வேலையும் பலன் தந்ததா என்பதை இந்த எண் சொல்லும்.

உங்கள் பாதைக்கு எந்த எச்.பி.?

சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. பாலக்கோடு ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், ஓசூர் ஏறக்குறைய 900. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். கார்புரேட்டர் இன்ஜின் நூறு மீட்டருக்கு ஒரு சதவீதம் போல எச்.பி. இழக்கும். ஆக ஓசூரில் உங்கள் 34.5, முப்பத்தொன்றரை ஆகிவிடுகிறது. வண்டி திணறுவதில் இதற்கும் பங்குண்டு.

அடுத்து ஆர்.பி.எம். மூல ஹெரால்டின் கிரவுன் விகிதம் 4.875. பதின்மூன்று அங்குல வீலில், டாப் கியரில் 80 கி.மீ. வேகத்துக்கு இன்ஜின் சுமார் 3600 சுற்றும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 50இல் போனால் 3000க்கு மேல். கூப்பேயின் 45 எச்.பி. கிடைப்பது 5800 சுற்றில். டாப் கியரில் அந்தச் சுற்றுக்குப் போக வேண்டுமானால் மணிக்கு 125 கி.மீ. தாண்ட வேண்டும். உங்கள் சாலையில் அப்படி ஓட்டப்போவதில்லை. உங்களுக்குத் தேவை 2500க்கும் 4000க்கும் நடுவில் கிடைக்கும் இழுவை. அதனால் ரேஸ் கேம் வேண்டாம். அந்தக் கேம் மேல்சுற்றில் கொடுப்பதைக் கீழ்ச்சுற்றிலிருந்து பிடுங்கித்தான் கொடுக்கும். இராயக்கோட்டை ஏற்றத்தில் இப்போது இருப்பதைவிட மோசமாகத் திணறுவீர்கள்.

ஹெட் வேலை: பணத்துக்கு மதிப்பு இங்கேதான்

ஒரே ஒரு பெரிய வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை சிலிண்டர் ஹெட்டில் போடுங்கள். எச்.பி. என்பது உள்ளே போய் எரிகிற காற்றின் அளவு. அந்தக் காற்றுக்கு வழிவிடுவதும் அடைப்பதும் ஹெட்தான்.

வால்வு சீட்டை நடுவில் 45 டிகிரியிலும், மேலும் கீழும் 30, 60 டிகிரிகளிலும் மூன்று கோணமாக வெட்டச் சொல்லுங்கள். கைடு தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். ஆடும் கைடில் வெட்டிய சீட் வட்டமாக வராது. போர்ட்டுக்குள் வார்ப்பின் பிசிறுகளை நீக்கி, மேனிஃபோல்டு, பேக்கிங், ஹெட் மூன்றின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்தால் போதும். கண்ணாடி போல பாலிஷ் போட்டுக் காட்டுபவர்களுக்குக் கூலி கொடுக்காதீர்கள், பளபளப்பில் எச்.பி. இல்லை.

எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். உங்கள் இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. அந்த ஈயம்தான் மெல்லிய படலமாகப் படிந்து வெறும் வார்ப்பிரும்புச் சீட்டைக் காத்தது. 2000இல் இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. அதன்பின் ஓடிய தூரத்தில் சீட் மெல்ல உள்வாங்கும். டேப்பெட் இடைவெளி சரிசெய்த கொஞ்ச நாளில் மறுபடி குறைகிறது என்றால் இதுதான் நடக்கிறது.

இனி கம்ப்ரெஷன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 948ஐ நான்கால் வகுத்தால் 237 சி.சி. கம்ப்ரெஷன் 8.0 என்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மீதமுள்ள இடம் 33.9 சி.சி. அதை 8.5 ஆக்க 31.6 சி.சி. வேண்டும். குறைக்க வேண்டியது 2.3 சி.சி. மட்டுமே. எத்தனை மில்லிமீட்டர் சீவுவது என்பதைக் கண்மதிப்பில் சொல்லும் லேத்காரரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். நீங்களே அளக்கலாம். வால்வும் பிளக்கும் மாட்டிய ஹெட்டைக் குப்புறத் திருப்பி, மட்டம் பார்த்து வைத்து, எரியறைக்குள் விளிம்பு வரை மண்ணெண்ணெய் நிரப்புங்கள். ஊசி போடும் சிரிஞ்சால் 2.3 மி.லி. உறிஞ்சி எடுங்கள். இப்போது எண்ணெய் மட்டம் ஹெட்டின் முகத்திலிருந்து எவ்வளவு கீழே இறங்கியது என்று டெப்த் கேஜில் பாருங்கள். அதுதான் சீவ வேண்டிய அளவு. நான்கு அறைகளையும் இப்படிப் பாருங்கள். முன்பே ஒருமுறை சீவிய ஹெட்டாக இருந்தால் அதன் மொத்தக் கொள்ளளவே காட்டிக்கொடுத்துவிடும். சீவியபின் புஷ்ராடு நீளமாகிவிட்டதுபோல் ஆகும். ராக்கர் தூண்களுக்கு அடியில் அதே கனத்துக்கு ஷிம் வைத்தால் ராக்கர் வால்வின் நடுவில் உட்காரும்.

8.5க்கு மேலே போகாதீர்கள். சீவிய இரும்பு திரும்பி வராது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வேலைகளில் பழையபடி மாற்ற முடியாதவை ஹெட்டில் நடப்பவை மட்டுமே. வின்டேஜ் பதிவு மனத்தில் இருந்தால் இன்னொரு பழைய ஹெட்டைத் தேடிப்பிடித்து அதில் செய்யுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் ஹெரால்டு சாமான்கள் இன்னும் கண்ணில் படுகின்றன. மூல ஹெட்டை எண்ணெய் தடவி, சுற்றி, பத்திரமாக வையுங்கள்.

கார்புரேட்டரும் இன்றைய பெட்ரோலும்

இரட்டை எஸ்.யூ. வைப்பது ஹெட் வேலைக்கு அடுத்த படி. அம்பாசடரில் ஒற்றை எஸ்.யூ. ஓடியதால் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் தர்மபுரி, சேலம் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அம்பாசடரின் ஊசி 1489 சி.சி.யை ஒற்றை ஆளாகத் தாங்கும்படி அளந்தது. அதை அப்படியே உங்கள் இன்ஜினுக்குப் போடக் கூடாது. இரண்டையும் சமன்செய்ய ஒரு ரப்பர் குழாய் போதும்: ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு சீற்றம் கேட்கும்வரை திருகுங்கள். ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது. கரும்பு வண்டியும் தக்காளி லாரியும் கிளப்பும் புழுதி ஒரே கோடையில் ரிங்கைத் தின்றுவிடும்.

இன்று பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இதில் நன்மையும் உண்டு: நாக்கிங்கைத் தாங்கும் சக்தி கூடுதல் என்பதால் 8.5 கம்ப்ரெஷனுக்குப் பயமில்லை. சிக்கல் இரண்டு. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை மெலிந்துபோகும். இழுக்கும்போது ஒரு நொடி தொய்வது, கார்புரேட்டர் வழியே பொட்டென்று வெடிப்பது, பிளக் முனை வெள்ளையாக இருப்பது ஆகியவை அதன் அறிகுறி. ஒருபடி பெரிய ஜெட் அல்லது தடித்த கலவை தரும் ஊசி தேவைப்படும். பிளக் இளம் காப்பி நிறத்தில் வருவதே சரியான அளவு. இரண்டாவது, எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும், ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் குழாய், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

சூடும் பிரேக்கும்

கூடுதல் எச்.பி. என்றால் கூடுதல் சூடு. நம் மாவட்டத்தின் போர்வெல் தண்ணீர் கடினமானது. அதை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி வாட்டர் ஜாக்கெட்டுக்குள் சுண்ணாம்பு கட்டியிருக்கும். ஹெட் கழற்றும்போதே பிளாக்கின் வெல்ஷ் பிளக்குகளையும் எடுத்துக் கழுவச் செய்யுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டும். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் வேண்டாம். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் தேய்மானம்தான் கூடும். ஆயில் 20டபிள்யூ-50 மினரல் போதும்.

பிரேக்குக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உங்கள் வண்டிக்கு முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஸ்பிட்ஃபயருக்கு எச்.பி.யைக் கூட்டிய கம்பெனி முன்னால் டிஸ்க் பிரேக்கையும் சேர்த்தே கொடுத்தது. சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் உங்கள் வழியில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். டிரம் கடைசல், புது லைனிங், புது வீல் சிலிண்டர், புது ஹோஸ் எல்லாம் முடிந்தபின்புதான் கார்புரேட்டருக்குப் பணம் எடுக்க வேண்டும்.

பின் சஸ்பென்ஷனையும் புரிந்துகொள்ளுங்கள். ஹெரால்டின் பின் ஆக்ஸில் தனித்தனியாக ஆடும் ரகம். பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில்தான் நேர் ஆக்ஸில். வளைவில் வேகமாக நுழைந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி பின்பக்கம் இழுத்துவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, வளைவுக்குள் சீராக மிதித்துப் போவதே இந்த வண்டியை ஓட்டும் முறை. யூ கிராஸ் நான்கும், குறுக்கு ஸ்பிரிங் பட்டையின் நடு போல்ட்டும் கெட்டியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மேல் வேகம் வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கென்று இடம் இருக்கிறது. சோழவரத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வைத்திருக்கிறது. முறைப்படி உரிமம் எடுத்து, அதற்கென்று கட்டிய வண்டியில் அங்கே ஓட்டலாம். ஒரு வாரக்கடைசிப் பந்தயத்துக்காகக் கட்டும் இன்ஜினும், வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஓசூர் போய்வர வேண்டிய இன்ஜினும் ஒன்றாக முடியாது.

வேலையின் வரிசை

1. கம்ப்ரெஷன் டெஸ்ட், த்ரஸ்ட் வாஷர் சோதனை. இரண்டில் ஒன்று தவறினாலும் முதலில் இன்ஜினின் அடிப்பகுதி வேலை.
2. பிரேக், டயர், யூ கிராஸ், ரேடியேட்டர்.
3. டியூனிங், எத்தனாலுக்கேற்ற குழாயும் ஜெட்டும். இங்கே வினாடிக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்.
4. இரண்டாவது ஹெட்டில் சீட் வேலை, 8.5 கம்ப்ரெஷன். மறுபடி வினாடி பாருங்கள்.
5. அப்போதும் போதாது என்று பட்டால் மட்டும் இரட்டை எஸ்.யூ.

உங்கள் கடிதத்தில் சொன்ன திணறலை வைத்துப் பார்த்தால், நான்காவது படி முடிந்ததும் இராயக்கோட்டை ஏற்றத்தை மூன்றாவது கியரிலேயே, கியர் மாற்றாமல் ஏறுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி ஏறிவிட்டால் ஐந்தாவது படிக்கு வைத்திருந்த பணத்தைச் செலவழிக்காதீர்கள். அதில் த்ரஸ்ட் வாஷர், ஹெட் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் சாமான்கள் என்று கிடைப்பதை இப்போதே வாங்கி வையுங்கள். இந்த வண்டியைச் செய்த தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி இந்த இன்ஜின் எத்தனை காலம் ஓடும் என்பதை எச்.பி. தீர்மானிக்கப்போவதில்லை, உங்கள் அலமாரியில் இருக்கும் உதிரிபாகங்கள்தான் தீர்மானிக்கும்.